தங்கச்சி வளவு

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் புரட்டாதிச் சடங்கு தொடங்கிவிட்டால் மகாபாரதம் தெருவுக்கு இறங்கிவிடும். பாண்டவர் வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவத்துக்கு ஏறுவான், கடைசியில் தீமிதிப்பு. கிழக்கிலங்கையில் கல்முனை நகரத்துக்கும் மருதமுனைக்கும் நடுவில் கிடக்கிற தமிழ் ஊர் அது. மருதமுனையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த மேளச்சத்தம் பக்கத்து வளவுச் சத்தம். வட இந்தியாவில் அண்ணன் கையில் தங்கை ராக்கி கட்டுவதற்குச் சொல்லும் கதைகளில் ஒன்று இதே திரௌபதையுடையது. கண்ணனின் விரல் வெட்டுப்பட்டு இரத்தம் வடிந்தபோது இவள் தன் சேலையைக் கிழித்துக் கட்டினாளாம். அந்தக் கடனைத்தான் அவன் கௌரவர் சபையில் முடிவில்லாத சேலையாகத் திருப்பிக் கொடுத்தானாம். வியாசரிடம் இல்லாத, சனங்கள் சேர்த்துக்கொண்ட கதை. எனக்குப் பிடித்த கதையும்கூட. ஒரு முழத் துணிக்கு வட்டி எவ்வளவு என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அந்தத் திரௌபதை தெய்வமாக நிற்கிற பாண்டிருப்பில் அண்ணன் கையில் நூல் கட்டும் வழக்கம் கிடையாது.

தமிழ்நாட்டிலும் ராக்கி வந்தேறிய வழக்கம்தான். அங்கே உடன்பிறந்தார் கொடுக்கல் வாங்கல் பொங்கலோடு ஒட்டியது. பொங்கலுக்கு முன்னரே அண்ணன் தம்பிமார் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு தங்கை வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைக்கிற வீடுகளில் பெண்கள் மஞ்சள் இலையில் நிறம் நிறமாகச் சோற்றுருண்டை வைத்து, காக்கையைக் கூப்பிட்டு, உடன்பிறந்தான் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அதற்கு அண்ணனிடமிருந்து கனுச்சீர் என்று பணமோ புடவையோ வரும். வடக்கே தீபாவளி கழிந்து இரண்டாம் நாள் அண்ணன்மார் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள். யமன் தன் தங்கை யமுனையின் வீட்டுக்கு விருந்துக்குப் போன நாள் அது என்கிறார்கள்.

இந்தச் சடங்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காட்சிதான் கிடக்கிறது. பெண் பிறந்த வீட்டைவிட்டுப் போய்விட்டாள். வருசத்துக்கு ஒரு தடவையாவது அந்த வீட்டிலிருந்து ஆள் வந்து, அவளை மறக்கவில்லை என்று அவளுக்கும், இவள் கேட்பாரற்றவள் இல்லை என்று அவள் மாமியாருக்கும் காட்டிவிட்டுப் போகவேண்டும். கரும்பு ஒரு சாட்டு.

பெரியநீலாவணையிலிருந்து திருக்கோவில் வரைக்கும் எங்கள் கரையில் கல்யாணம் முடிந்து வீட்டைவிட்டுப் போகிறவன் ஆண். தமிழரிலும் அப்படித்தான், முஸ்லிம்களிலும் அப்படித்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான், அங்கேயே இருப்பான். பெண் பிறந்த வளவிலேயே பிள்ளை பெற்று, அங்கேயே கிழவியாகி, அங்கேயே மௌத்தாவாள். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அடுத்தவளுக்குப் பக்கத்தில் ஒன்று கட்டிக்கொண்டு நகர்வார்கள். அதையும் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நகர்வார்கள். கடைக்குட்டி மகளின் வீட்டுக் குசினிப் பக்கத்து அறையில் அந்தப் பயணம் முடியும். ஒரு வேலிக்குள் அக்கா, தங்கச்சி, அவர்கள் மகள்மார் என்று நாலைந்து கூரை நிற்கும். அந்த வளவில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் வேறு வேறு ஊர்களில், வேறு பெண்களின் வளவுகளில் இருப்பார்கள். நான் இதை எழுதும் மேசையும் என் மனைவியின் வீட்டு மேசைதான்.

ஆகவே பெருநாளைக்கு ஊருக்கு வருகிறவன் அண்ணன். அவன் பிறந்த வீடு இப்போது தங்கச்சியின் வீடு.

சித்திரை வருசப் பிறப்புக்குப் பாண்டிருப்பில் என்னோடு படித்த ஒருவரின் வீட்டுக்கு ஒருமுறை பலகாரத்துக்குப் போயிருந்தேன். மருத்துநீர் வைத்துக் குளித்த தலையோடு எல்லோரும் முன் விறாந்தையில் நின்றார்கள். பஞ்சாங்கத்தில் கைவிசேடத்துக்குச் சொன்ன நேரம் நெருங்கிவிட்டது. பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் நெல், புது நோட்டு. வீட்டுக்காரர், அதாவது அந்த வீட்டுப் பெண்ணின் புருசன், தட்டைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு பெண்ணின் அண்ணன் வந்தார். திருக்கோவிலில் கல்யாணம் முடித்தவர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். தங்கச்சி புருசனின் கையிலிருந்த தட்டைப் பேசாமல் வாங்கி அண்ணனிடம் நீட்டினாள். “அண்ணன், நீங்க தாங்க முதல்ல. அவரு மறுகா தருவாரு.” அண்ணன் தயங்கினார். மச்சானைப் பார்த்தார். மச்சான் சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார். தங்கச்சி இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கி, காலில் விழுந்து எழும்பி, உள்ளே போய் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அந்தக் காசைச் செலவழிக்கமாட்டாள் என்று பிறகு சொன்னார்கள். அண்ணன் போகும்போது அவர் கையில் பலகாரப் பையும், பஸ்ஸில் ஏற்ற ஒரு மூடை நாட்டரிசியும் இருந்தன.

கைவிசேடம் இலங்கைத் தமிழரிடம் பரவலாக இருக்கிறது. மூத்தவர் கையால் இளையவர் வாங்குவது. அந்த வருசத்தின் முதல் காசு ராசியான கையிலிருந்து வரவேண்டும் என்பதுதான் சங்கதி. ஆனால் விறாந்தையில் நடந்த அந்தச் சின்ன இடமாற்றம் எங்கள் கரைக்கு உரியது. விருந்தாளியாக வந்தவன் ஒரு கண நேரம் வீட்டுக்காரன் ஆனான். உறுதியில் பெயர் தங்கச்சிக்கு, அன்றாட அதிகாரம் மச்சானுக்கு, முதல் வெற்றிலை அண்ணனுக்கு.

முஸ்லிம்களான எங்கள் பக்கத்தில் வெற்றிலைத் தட்டு இல்லை, பெருநாள் காசு இருக்கிறது. நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்ததும் ஆண்கள் நேரே போவது உம்மா வீட்டுக்கு. உம்மா வீடு என்று வாய் சொல்கிறதே தவிர அது தங்கச்சிக்கோ ராத்தா என்கிற அக்காவுக்கோ எழுதிக் கொடுத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். பெண்சாதி வீட்டில் பகல் சாப்பாடு காத்திருக்கும்போதும் இங்கே வட்டிலப்பத்தில் ஒரு துண்டாவது தின்னாமல் எழும்ப முடியாது. மருமக்களுக்குப் புதுத்தாள் நோட்டு. தங்கச்சிக்கு ஒரு சேலை, மருதமுனைக் கைத்தறியாக இருந்தால் மரியாதை கூட. எங்கள் தறிகளில் நெய்த சேலையும் சாறமும் நாடெங்கும் போகின்றன. நெய்தவர்களின் தங்கச்சிமார் இந்தியச் சேலைதான் கேட்கிறார்கள் என்பது வேறு விசயம்.

இவையெல்லாம் சில்லறைக் கொடுக்கல் வாங்கல். பெரிய கொடை வீடுதான்.

பண்டிகை இல்லாத ஒரு நாளில், ஆரவாரம் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு வருசமாகக் கொடுக்கப்படும் கொடை அது. தகப்பன் இருந்தால் தகப்பன் தொடங்குவார். முடிப்பது அநேகமாக மகன்மார். மூத்தவன் வெளிநாடு போவான். முதலில் அத்திவாரம். பிறகு ஒரு வருசம் ஒன்றும் நடக்காது, அத்திவாரத்துக்குள் புல் முளைக்கும். பிறகு புளொக்கல் சுவர் யன்னல் உயரத்துக்கு வரும். இரண்டாம் தங்கச்சி இருக்கிற வீடென்றால் கொங்கிறீட் பிளேட் போட்டு, மேல்மாடிக்கென்று தூண்களின் தலையில் கம்பியை நீட்டி விட்டிருப்பார்கள். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வீட்டுத் தலைகளில் துருப்பிடித்து நிற்கிற அந்தக் கம்பிகளைக் கட்டி முடிக்காத வேலை என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். அந்த வீட்டில் இன்னும் கல்யாணம் முடிக்காத பெண் இருக்கிறாள் என்பதே அதன் செய்தி.

சொந்தக்காரப் பையன் ஒருவன் கட்டாரில் இருந்து வந்தபோது எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் காட்டினான். தங்கச்சிக்கு வீடு கட்டிய கணக்கு. கருங்கல் லோட், ஆற்றுமணல், சீமெந்துப் பைகள், மேசன்மாருக்குத் தேத்தண்ணிச் செலவு, ஓடாவிக்கு முற்பணம், கரண்டுக்காரனுக்கு மீதி. சில வரிகளுக்குப் பக்கத்தில் ‘உண்டியல்’ என்றும் சிலவற்றுக்கு ‘வங்கி’ என்றும் எழுதியிருந்தான். நான் முதல் பக்கத்தைப் புரட்டினேன். முதல் வரி: ‘தங்கச்சிட காப்பு ரெண்டு — அடகு.’ ஏஜென்சிக்குக் கட்ட அவளுடைய காப்பைத்தான் அடகு வைத்திருக்கிறார்கள். அந்தக் காப்பில் போன விமானத்தில்தான் அவளுடைய வீடு வந்திருக்கிறது.

“இத அவளுக்குக் காட்டினயா?” என்று கேட்டேன்.

“என்னத்துக்கு காக்கா? அவள் கண்டா ஒள்ளம் ஒள்ளமா கணக்குப் பார்ப்பாள். மறுகா அழுவாள்.”

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925 இல் கொடை பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், கொடுப்பதும் வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் மூன்றுமே கட்டாயம் என்றார். நம் பையன் அதைப் படித்திருந்தால் சிரித்திருப்பான். யார் முதலில் கொடுத்தது, யார் திருப்பிக் கொடுத்தது என்பதே இங்கே குழம்பிப் போய்க் கிடக்கிறது. அதோடு அவன் கட்டிய வீட்டுக்கு ஈடு தங்கச்சியிடமிருந்து வரப்போவதும் இல்லை. அட்டாளைச்சேனையிலோ அக்கரைப்பற்றிலோ அவன் முகம் அறியாத ஒருவன் குவைத்தில் நின்று தன் தங்கச்சிக்குக் கட்டும் வீட்டில்தான் இவன் போய் இருக்கப்போகிறான். ஒரு வீட்டைக் கட்டிவிட்டு இன்னொருவன் கட்டிய வீட்டில் குடியேறுவது. இந்தச் சங்கிலியில் வீடுகள் அசைவதில்லை, ஆண்கள்தான் கைமாறுகிறார்கள்.

இது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. மட்டக்களப்புப் பகுதியின் முக்குவர் வழமைகளை கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதன்படி முதுசொம், அதாவது வழிவழி வந்த சொத்து, ஓர் ஆணின் பிள்ளைகளுக்குப் போவதில்லை. அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். செத்த பிறகு கொடுப்பதை இன்றைய அண்ணன் உயிரோடு இருக்கும்போதே, கல்லும் சீமெந்துமாகக் கொடுக்கிறான். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட பெருநூலில் இந்தத் தாய்வழிக் குடிமுறையைத் தமிழர், முஸ்லிம் இருவரிடமும் வைத்து விரிவாகக் காட்டுகிறார். குடி தாயிடமிருந்து வருகிறது; கோயில் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு வண்ணக்கர், பள்ளி நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர். கடவுள் வேறு, குடி எண்ணும் விதம் ஒன்று.

மார்க்கச் சட்டத்தின்படி சொத்தில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. அது மௌத்துக்குப் பிறகு பிரிக்கும் கணக்கு. அந்தக் கணக்கு வருவதற்கு முன்னரே வீட்டைப் பெண்பிள்ளைக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிடுவது எங்கள் ஊர்களின் பழைய சாமர்த்தியம். 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைச் சட்டம் நன்கொடையையும் தொட்டுப் பேசுகிறது. மீளப் பெற முடியாதது என்று உறுதியில் எழுதியிருந்தாலொழிய நன்கொடையை அப்படிக் கொள்ளக்கூடாது என்கிறது. உறுதியை வாங்குபவர் கையில் கொடுத்தால் அதுவே உடைமையைக் கொடுத்ததற்குச் சான்று என்றும் சொல்கிறது. எங்கள் நொத்தாரிசுமார் அந்த ஒரு வரியைச் சேர்க்க மறப்பதில்லை. மறந்தால் கிழவிகள் நினைவுபடுத்துவார்கள்.

இந்த வழக்கத்தைப் பாடிப் புகழ எனக்கு மனமில்லை. நாலு பெண்பிள்ளை உள்ள வீட்டில் மூத்த ஆண்மகனுக்கு நாற்பது வயதிலும் கல்யாணம் ஆகாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். வீடு கட்ட வழியில்லாமல் குமர் வீட்டிலேயே நரைப்பதையும் பார்த்திருக்கிறோம். தங்கச்சியின் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்து, “எங்களால ஏலுமானது இவ்வளவுதான்” என்று குரல் உடையச் சொல்கிற அதே ஆள், தன் கல்யாணப் பேச்சில் வீடும் வயலும் கைக்கூலியும் மாமா கேட்கும்போது பாயைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பான். கைக்கூலி என்பது மாப்பிள்ளையின் கையில் கொடுத்தாலும் பெண்ணின் உபயோகத்துக்கான பணம் என்றுதான் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் வரைவிலக்கணம் சொல்கிறது. எத்தனை பெண்களுக்கு அது தெரியும்?

சீதனம் ஹராம் என்று குத்பாவில் சொல்கிறார்கள். காசு விசயத்தில் எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அதே மூச்சில் வீட்டையும் நிறுத்தச் சொன்னால் நான் தயங்குவேன். இந்தக் கரையில் புருசன் தலாக் சொன்னால் வீட்டைவிட்டு வெளியேறுவது அவன்தான், சேட்டும் சாறமும் ஒரு பையில் போட்டுக்கொண்டு. மாமியார் கொடுமை என்று நாடகங்களில் பார்க்கிற விசயம் எங்கள் பெண்களுக்கு வேற்றுநாட்டுக் கதை. அந்தப் பாதுகாப்புக்கு அண்ணன்மார் கொடுக்கும் விலை அதிகம்தான். விலையைக் குறைக்க வழி தேடவேண்டும். வீட்டைப் பறித்துவிட்டு மஹரில் நாலு சுழி கூட்டிப் போடுவது வழியாகாது.

வீட்டைப் பறித்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கடல் காட்டியது. 2004 டிசம்பர் 26, சுனாமி. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 இற்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு எல்லாவற்றிலும் கடற்கரை ஓரத்து வரிசைகள் வழித்துத் துடைத்த மாதிரிப் போயின. செத்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும்தான் கூட. அதற்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். அந்த 200 மீற்றருக்குள் கிடந்தவை பெரும்பாலும் பெண்களின் பெயரில் இருந்த சீதன வளவுகள்.

மாற்று வீடுகள் வந்தன. படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் புருசனின் பெயரை எழுதினார்கள். எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கொழும்பிலிருந்து பார்த்தால் வீடு ஆணுடையது. இப்படி, ஒரு அண்ணன் பத்து வருசம் சவூதியில் வெயில் குடித்துத் தங்கச்சிக்குக் கட்டிய வீடு போய், அதற்கு ஈடாக வந்த வீடு மச்சானின் பெயரில் நின்றது. அண்ணன் தங்கச்சிக்குக் கொடுத்தது, அரசாங்கம் புருசனுக்குக் கொடுத்ததாக மாறியது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதைச் சுட்டிக்காட்டின, ஆய்வாளர்கள் எழுதினார்கள், சில இடங்களில் பெண்ணின் பெயரும் ஏறியது. அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் சவூதி அரேபியா கட்டிய 500 வீடுகளோ யாருடைய பெயரிலும் ஏறாமல் வழக்கிலும் அரசியலிலும் சிக்கி ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன.

மேடைகளில் தமிழரும் முஸ்லிம்களும் சகோதரர்கள் என்பார்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்பார்கள். 1905 ஒக்டோபர் 16 ஆம் திகதி வங்காளம் பிரிக்கப்பட்டபோது தாகூர் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டச் சொன்னது உண்மையிலேயே அழகான காரியம். ஆனால் எங்கள் கரையில் 1990 வன்முறைகளுக்குப் பிறகு வேலிக்கு மேலால் பலகாரத் தட்டு நீட்டுவது பல இடங்களில் நின்றுபோனது. 2019 இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு ஒரு பக்கம் உண்ணாவிரதம், மறு பக்கம் எதிர்ப்பு. சகோதரர் என்ற சொல்லை அரசியல்வாதிகள் பயன்படுத்தும்போது எனக்கு வளவு பிரிக்கும் நாள்தான் ஞாபகம் வரும். அளவுக்காரன் சங்கிலியோடு வந்து நிற்க, ஒரு சாண் மண்ணுக்கு அண்ணனும் தம்பியும் பேசாமல் போவது. தங்கச்சிக்குக் கொடுக்கும்போது மட்டும்தான் எங்கள் ஆண்களின் கை அளவு பார்க்காமல் நீள்கிறது என்று தோன்றுகிறது.

இப்போது காணி ஒடுங்கிவிட்டது. ஆறு பேர்ச்சில் மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மேலேதான் போகவேண்டும். கீழ்வீடு மூத்தவளுக்கு, மேல்மாடி அடுத்தவளுக்கு, அதற்கு மேல் கம்பி. அக்கா வீட்டுக் கூரைதான் தங்கச்சி வீட்டு நிலம். படிக்கட்டு யாருடைய உறுதியில் என்று நொத்தாரிசுமார் தலையைச் சொறிகிறார்கள். பெண்கள் படித்து ஆசிரியர்களாகவும் தாதிகளாகவும் போகிறார்கள். தங்கள் வீட்டுக்குத் தாங்களே கடன் எடுத்துக் கட்டுகிற பெண்களும் இருக்கிறார்கள். அதற்காக அண்ணன்மார் விமானம் ஏறுவது நின்றுவிடவில்லை.

கொப்பி எழுதிய பையனுக்குப் போன வருசம் தங்கச்சியின் நிக்காஹ் முடிந்தது. உறுதியை அவன் கையாலேயே அவளிடம் கொடுத்தான். காப்பை மீட்டதும் அவன்தான். இப்போது அவனுக்குப் பார்க்கிறார்கள். தரகர் நிந்தவூரில் ஒரு இடம் சொன்னார். பெண் பட்டதாரி, குடும்பம் நல்லது, அண்ணன் ஒருவர் ரியாத்தில்.

“வீடு?” என்று அவனுடைய உம்மா கேட்டார்.

“சுவர் லிண்டலுக்கு வந்திருக்கு. நோன்புக்கு முந்தி பிளேட் அடிப்பாங்களாம்.”

பையன் வாயைத் திறந்தான். “அவசரம் இல்லண்டு சொல்லுங்க,” என்றான் தரகரிடம். “காக்கா மெல்லக் கட்டட்டும்.”

உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவனுக்கு ஏற்கெனவே முப்பத்தாறு.